மச்சான், அந்தக் கம்ப்யூட்டரை அனுப்ப வேண்டாம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வருடமாகத் தங்கள் குடும்பத்துக்குள் வாயைத் திறக்காமல் இருந்துவரும் லிஃப்ட் மெக்கானிக் பணிவுடன் எழுதுவது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருக்காமல் என்ன, தங்கள் வீட்டு டிவியில் இன்னும் செய்திதானே ஓடுகிறது. இங்கே தங்கள் தகப்பனார் மிகவும் சௌக்கியம், தங்கள் தங்கை அதைவிடச் சௌக்கியம், என் சௌக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் போனை எடுத்தால் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள், சுற்றி நின்று ஆளாளுக்குப் பதில் சொல்கிறார்கள், யாரிடம் யார் பேசினார்கள் என்பதே கடைசியில் தெரிவதில்லை. ஆகவே ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து, சர்வீஸ் நோட்டின் பின்பக்கத் தாளைக் கிழித்து இதை எழுதுகிறேன். சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பாப்பாவுக்காகத் தாங்கள் ஒவ்வொரு பார்ட்டாகச் சேர்த்துக்கொண்டிருக்கும் அந்தக் கேமிங் கம்ப்யூட்டரைத் தயவுசெய்து அனுப்ப வேண்டாம்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். இவ்வளவுக்கும் பிள்ளையார் சுழி போட்டது தாங்கள்தான். பாப்பா பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதும் போன் செய்து, "மருமகளே, மாமா உனக்கு என்ன வாங்கித் தரணும், கேளு" என்றீர்கள். அவள் விளையாட்டு மெஷின் கேட்டாள். "அதுக்குன்னு தனியா எதுக்கு, கம்ப்யூட்டராவே செஞ்சு தர்றேன், படிக்கவும் உதவும்" என்றீர்கள். மச்சான், "படிக்கவும் உதவும்" என்று சொல்லி இந்த வீட்டுக்குள் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்துவிடலாம், ஒட்டகத்தைக்கூட. அதுவரை விளையாட்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்ற தங்கள் தங்கை, அந்த இரண்டு வார்த்தையில் அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் ஒருவன்தான் எதிர்த்தேன். கம்ப்யூட்டர் வேண்டாம், டிவியில் மாட்டி விளையாடுகிற கன்சோல் பெட்டி போதும் என்றேன். ஏன் என்றார்கள். கம்ப்யூட்டர் சூடாகும் என்றேன். "ரெண்டும் சூடாகும்ப்பா" என்றாள் பாப்பா. சத்தம் போடும் என்றேன். "ஹெட்போன் மாட்டிக்குவேன்" என்றாள். கரண்ட் இழுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். தங்கள் தகப்பனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "நாள் பூரா லிஃப்ட்டை மேலயும் கீழயும் ஓட்டுற ஆள் பேசுற பேச்சா மாப்பிள்ளை இது" என்றார்.

சரி, விவரம் தெரிந்தவரைக் கேட்போம் என்று பாப்பாவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் அரை மணி நேரம் மூச்சு விடாமல் விளக்கினார். "கம்ப்யூட்டர்னா சார், இன்னைக்கு வாங்கி அடுத்த வருஷம் ஒரு பார்ட் மாத்தலாம், அதுக்கடுத்த வருஷம் இன்னொண்ணு மாத்தலாம், மாத்திக்கிட்டே இருக்கலாம். கன்சோல்னா மாட்டினோமா ஆடினோமா, அவ்வளவுதான்." எது நல்லது என்று கேட்டேன். "உங்க தேவையைப் பொறுத்தது சார்" என்றார். "என் தேவை என்னன்னு தெரியாமத்தானே உங்ககிட்ட வந்தேன்" என்றேன். "அப்ப யோசிச்சிட்டு வாங்க சார்" என்றார். நடுவழியில் நின்ற லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவர், எப்போது வெளியே வருவேன் என்று கேட்டால், உங்கள் தேவையைப் பொறுத்தது என்று நான் ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா. கடைசியாக, "உங்க வீட்டுல எது வச்சிருக்கீங்க, அதையாவது சொல்லுங்க" என்று கேட்டேன். "நான் விளையாடுறதில்ல சார், கண்ணு கெட்டுடும்" என்றார். பாப்பா என்னைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

மச்சான், தங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. சூடும் கரண்டும் நான் கட்டிவிட்ட கதை. என் பயம் வேறு. கம்ப்யூட்டர் என்றால் மேஜை வேண்டும், மேஜை போட பாப்பாவின் அறைதான் இருக்கிறது, அந்த அறைக்குக் கதவு இருக்கிறது. கன்சோல் என்றால் டிவி வேண்டும், டிவி ஹாலில்தான் இருக்கிறது, ஹாலுக்குக் கதவு கிடையாது. எனக்கு இருந்த ஒரே கணக்கு இதுதான். தாங்கள் கடைசியாக வந்தபோது பாப்பா என் தோளில் சாய்ந்துகொண்டு பேப்பரில் குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தாளே, அதெல்லாம் போய் ஒரு வருடமாகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நேராக அறை, சாத்திய கதவு. சாப்பிட வருவாள், தட்டைக் கழுவி வைப்பாள், போய்விடுவாள். கோபம் இல்லை, சண்டை இல்லை, பதினாறு வயதுக்கு அது சகஜம் என்கிறாள் தங்கள் தங்கை. சகஜமாக இருக்கட்டும், எனக்குத் தாங்கவில்லை. மூடிக்கொண்ட கதவைத் திறப்பதுதான் மச்சான் என் பிழைப்பு. ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்ட்டின் கதவைக்கூட ஐந்து நிமிடத்தில் திறந்துவிடுவேன். உள்ளே இருப்பவர்கள் பயப்படக்கூடாது என்று வெளியில் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். அந்தப் பழக்கத்தில் ஒரு நாள் பாப்பாவின் கதவுக்கு வெளியிலும் நின்று, "என்னம்மா, உள்ள எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். "அப்பா, நான் மாட்டிக்கல. நானாத்தான் உள்ள இருக்கேன்" என்று பதில் வந்தது.

அதனால்தான் யாரிடமும் சொல்லாமல் போய் ஒரு கன்சோலை நானே வாங்கி வந்துவிட்டேன். மாமாவின் கம்ப்யூட்டர் வரும்வரை இது இருக்கட்டும் என்று பாப்பாவிடம் சொன்னேன். அது வரவே கூடாது என்பது என் உள்மனசின் ஆசை. முதல் நாள் சாயங்காலம் இருக்கிறதே, அதற்காக நான் இன்னும் பத்துப் பெட்டி வாங்கியிருப்பேன். பாப்பா ஹாலில் வந்து தரையில் உட்கார்ந்தாள், என் முழங்காலுக்குப் பக்கத்தில். ஒரு கன்ட்ரோலரை என் கையில் கொடுத்து, இரண்டு பேர் கயிற்றைக் கட்டிக்கொண்டு மலை ஏறும் ஆட்டம் ஒன்றைப் போட்டாள். அவள் ஆடு மாதிரி தாவித் தாவி மேலே போகிறாள். நான் பட்டனைத் தேடிக் குனிவதற்குள் பள்ளத்தில் விழுகிறேன், கயிற்றில் கட்டிய பாவத்துக்கு அவளையும் இழுத்துக்கொண்டு விழுகிறேன். பதினோரு தடவை விழுந்தோம். "அப்பா, நீங்க லிஃப்ட்லயே வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் தங்கள் தகப்பனார், "இதுல வண்டி ஓட்டுற ஆட்டம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். என் தலையெழுத்து, இருந்தது. தங்களுக்குத் தெரியாததா, முப்பது வருடம் டிரைவிங் லைசென்ஸ் கேட்டு வந்தவர்களை ஓட்டச் சொல்லிப் பார்த்து, பாதிப் பேரை ஃபெயிலாக்கி அனுப்பிய மனிதர். ரேஸ் தொடங்கியது. மற்ற பதினோரு கார்களும் பறந்துவிட்டன. இவர், பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கு எந்தப் பட்டன் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகக் கிளம்பி ஓரமாகவே போனார். வளைவு வந்தால் நிறுத்துகிறார். யாராவது முந்தினால், "பார்த்தீங்களா மாப்பிள்ளை, சிக்னலே போடாம திரும்புறான். இவனுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?" என்று என்னைக் கேட்கிறார். நான் கொடுத்த மாதிரி. மற்றவர்கள் நாலு நிமிடத்தில் முடித்ததை இவர் நாற்பது நிமிடத்தில் முடித்தார். அதுவரை அந்த மெஷினும் பெருந்தன்மையாகக் காத்திருந்தது. பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது இடம் என்று திரையில் வந்தது. "இடி இல்ல, கீறல் இல்ல. இதுல பாஸானவன் நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டு, காரை நிறுத்த நிழலான இடம் தேட ஆரம்பித்தார். இப்போது அவர் செய்தியே பார்ப்பதில்லை. நாட்டில் என்ன நடக்கிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

அவரையாவது வயதானவர் என்று பொறுத்துக்கொள்ளலாம். தங்கள் தங்கைக்கு என்ன வந்தது. விவசாயம் செய்கிற ஆட்டம் ஒன்று இருக்கிறதாம். மருந்துக்கடை வேலை முடிந்து வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்துவிடுகிறாள். எங்கள் பால்கனியில் இருப்பது ஒரே ஒரு செடி, அதற்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். டிவியில் நாற்பது பாத்தி முள்ளங்கிக்கு அவள் ஊற்றுகிறாள். கூப்பிட்டால், "இருங்க, மாட்டைக் கட்டிட்டு வந்துடறேன்" என்கிறாள். அந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லாமல் போன அன்று அடுப்பில் வைத்தது கரிந்து, புகை பக்கத்து வீடு வரை போய், அவர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். எனக்குப் போன மாதம் காய்ச்சல் அடித்தபோது, மாத்திரை அலமாரியில் இருக்கிறது என்று சொன்னவள் இவள். இப்போது காலையில் தகப்பனார் முறை, சாயங்காலம் மகள் முறை. தகப்பனார் ரேஸை முடிக்காமல் இழுத்தால் முள்ளங்கி வாடிவிடுகிறது என்று இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "உங்க மாமனாரை எழுந்திருக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்கிறாள். சொந்த அப்பாவை மச்சான்.

பாப்பா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள். சோபாவின் ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தாத்தா வண்டியை நிறுத்துவதையும் அம்மா களை பிடுங்குவதையும் பார்த்தாள். நாலாம் நாள் எழுந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "முடிச்சிட்டா சொல்லுங்க" என்ற குரல் மட்டும் வந்தது. எங்கே முடிப்பது. யாரை வெளியே கொண்டுவர வாங்கினேனோ அவள் உள்ளே, மற்றவர்கள் எல்லாரும் ஹாலில். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நிலைமையில் தங்கள் கம்ப்யூட்டரும் வந்து அந்த அறைக்குள் உட்கார்ந்துவிட்டால், பாப்பா கல்யாணத்துக்குத்தான் வெளியே வருவாள். அதனால்தான் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், அதைத் தங்கள் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடுங்கள். அப்படியே தங்கள் தகப்பனாரையும் ஒரு இரண்டு மாதம் அங்கே வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது அவர் எந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். தங்கள் தங்கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, அறுவடை முடிந்ததும் பேசிப் பார்க்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். தங்கள் வீட்டு ஹால் என்றென்றும் அமைதியாக இருக்கவும், தங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் பாதி திறந்தே கிடக்கவும் மனதார வேண்டிக்கொள்ளும்,

தங்கள் தங்கை புருஷன்.

பி.கு.: கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால், ஹாலில் தகப்பனார் ஒரு திருப்பத்தில் யாருக்கோ வழிவிட்டுக்கொண்டிருந்தார். தங்கள் தங்கை அவருக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் வழக்கம்போல் அடுப்படிக்குத் திரும்பினேன். பாப்பாவின் கதவு கொஞ்சம் திறந்தது. "அப்பா, இங்க வாங்க, சத்தம் போடாம" என்றாள். உள்ளே போனேன். அலமாரியை நகர்த்தி ஒரு பக்கச் சுவரைக் காலி செய்து வைத்திருந்தாள். அடுப்படி நாற்காலி ஒன்றைக் காணோம் என்று இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன், அது அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. "மாமா கம்ப்யூட்டர் அனுப்பினதும் இங்கதான் வைக்கப்போறோம். அந்த மலை ஆட்டம் அதுலயும் இருக்குப்பா. நாம இன்னும் பாதி மலைலதான் நிக்கிறோம். ஹால்ல நமக்கு இடம் கிடைக்காது" என்றாள். பையிலிருந்த அளவு டேப்பை எடுத்துச் சுவரை அளக்கிற மாதிரி நின்றுகொண்டேன். "உங்க நாற்காலிக்கும் சேர்த்து அளங்கப்பா" என்றாள்.

ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழித்துப் போடலாம் என்றுதான் பார்த்தேன், தகப்பனார் வண்டி ஓட்டுகிற பகுதி நன்றாக வந்திருப்பதால் மனசு வரவில்லை. கம்ப்யூட்டரை உடனே அனுப்பவும், மறக்காமல் இரண்டு கன்ட்ரோலரோடு. தகப்பனாரைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டாம். அவரும் தங்கள் தங்கையும் ஹாலிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தால்தான் எங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள். யாராவது கேட்டால் படிக்கவும் உதவும் என்று சொல்லிக்கொள்கிறோம். கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாளாக வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக்கு உள்பக்கமாகப் போட்டுவிடுவேன்.