ஜேன் என்ற சுலபமான பெயர்

மகள் பிறந்த எட்டாம் நாள் காலையில், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போது, டைக் ஓ'சல்லிவன் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தான். இனிமேல் இந்த வீட்டில் தன் சொல்தான் செல்லும். எல்லா விஷயத்திலும் இல்லாவிட்டாலும் ஒரு விஷயத்திலாவது செல்லும். அந்த விஷயம், பிள்ளையின் பெயர்.

பெயர் என்றாலே டைக்குக்கு ஆகாது. காரணம் அவன் பெயர்தான். அயர்லாந்தில், சொந்த மாவட்டமான கெர்ரியில் இருக்கும்வரை அவன் டைக். கடலைத் தாண்டினால் அவன் யார் என்று கடவுளுக்கே தெரியாது. இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் கட்டட வேலை பார்த்த ஏழு வருஷமும், ஐரிஷ் முறைப்படி ஐந்து எழுத்தில் எழுதிய அந்தப் பெயரைக் காகிதத்தில் பார்த்தவர்கள் அவனை டாட்ஹெக் என்றார்கள், டட்கு என்றார்கள். வங்கியில் ஒரு புண்ணியவதி, ஆளைப் பார்க்காமலே, மிஸ் தாதா என்றாள்.

ஒருமுறை கையில் ஆணி ஏறி ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நர்ஸ் நாலு தடவை வந்து யாரையோ கூப்பிட்டுவிட்டுப் போனாள். பாவம், யாரோ வெளிநாட்டுக்காரன், தன் முறை வந்தது தெரியாமல் எங்கேயோ போய்விட்டான் போலிருக்கிறது என்று இவனும் பரிதாபப்பட்டான். கடைசியில்தான் தெரிந்தது, அந்த வெளிநாட்டுக்காரன் இவன்தான். இந்தக் கதையை இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்வான். ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. கூனிக் குறுகிப் போனான்.

ஆகவே பிள்ளைக்கு ஜேன். அதைத் தப்பாகச் சொல்ல உலகத்தில் ஒரு நாக்கு இன்னும் பிறக்கவில்லை.

மனைவி ப்ரோனாவோ, தன் மகளுக்குக் கீலின் என்றுதான் பெயர் வைப்பேன் என்று பன்னிரண்டு வயதிலேயே பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தவள். சொல்வதற்குக் கீலின், இத்தனூண்டு. ஐரிஷில் எழுதினால் பதினோரு எழுத்து. அதில் பாதி எழுத்துகள் வாயே திறக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

டைக் ஆதாரத்தோடு வந்திருந்தான். லீட்ஸில் இருக்கும் பழைய மேஸ்திரி பாரிக்கு அந்தப் பெயரை எழுதி அனுப்பி, உரக்கப் படிக்கச் சொல்லி, அதைப் பதிவு செய்து வைத்திருந்தான். போனை ப்ரோனாவின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினான்.

"கயோல்... கயோல்ஃபி... ஹியான்? என்ன டட்கு இது, புள்ள பேரா, இருமல் மருந்தா?"

"கேட்டியா?" என்றான் டைக்.

"கேட்டேன்."

"நம்ம பொண்ணு நாளைக்கு வெளிய போவா. படிப்பா, வேலை பாப்பா. போற எடத்துலெல்லாம் அவள இருமல் மருந்துன்னு கூப்பிடணுமா?"

"வேண்டாம்."

"அதனால ஜேன்தான்."

"சரி."

டைக் அடுத்த வாதத்துக்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து வைத்திருந்தான். அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"சரின்னா?"

"சரின்னா சரி. ஜேன் நல்ல பேருதானே. ஞானஸ்நானக் காகிதத்துல பேரு எழுதற எடத்த மட்டும் காலியா விட்டுக் குடுத்துடறேன். ஃபாதர் கேக்கறப்போ நீயே வாயால சொல்லு. பெத்தவன் நீ."

"நெஜமாத்தான் சொல்றியா?"

"டீ ஆறுது, குடி."

மூன்று வருஷக் குடித்தனத்தில் ப்ரோனா மறுபேச்சில்லாமல் 'சரி' சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதுவும் கல்யாணத்தன்று, பீடத்துக்கு முன்னால், பாதிரியார் கேட்டதற்கு. கொஞ்சம் விவரமுள்ளவனாக இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். டைக் இன்னொரு துண்டு ரொட்டி எடுத்துக்கொண்டான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இது ப்ரோனாவின் ஊர். டைக் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. பாதிரியாரின் பங்குக்குள் அடங்கிய ஊர் முழுக்க ஓ'சல்லிவன்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு ஓ'சல்லிவன், அந்தப் பக்கம் ஒரு ஓ'சல்லிவன், நடுவில் மேய்கிற மாடு இன்னொரு ஓ'சல்லிவனுடையது. பெயரும் ஒன்றாகப் போய்விட்டால் ஆளை அடையாளம் காண ஊரே ஒரு பட்டம் வைத்துவிடும். டைக் ஓ'சல்லிவன் என்று இங்கே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மேட்டுவீட்டு டைக். இன்னொருவர் செவிட்டு டைக். மூன்றாவதாக வந்த நம் ஆள், முதல் வாரமே, சாலையைக் கடந்த ஒரு வாத்துக்கு வழிவிடப் போய்க் காரோடு பள்ளத்தில் இறங்கினான். டிராக்டர் வைத்துத்தான் வெளியே இழுத்தார்கள். வாத்து திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போய்விட்டது. அன்றையிலிருந்து அவன் வாத்து டைக்.

மறுநாள் பக்கத்து வீட்டு டெஸ்ஸி டூஹி, ஆப்பிள் பணியாரத் தட்டும் கையுமாகப் பிள்ளை பார்க்க வந்தாள். எழுபது வயது. ஊரில் யார் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் அடுப்பு எரியாது.

"பேரு முடிவாயிடுச்சாமே மகனே?"

"ஜேன்," என்றான் டைக் நெஞ்சை நிமிர்த்தி.

"ஜேனா..." டெஸ்ஸி தட்டை மெல்ல மேசைமேல் வைத்தாள். "நல்ல பேரு. எந்த ஜேன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"எந்த ஜேன்னு எதுக்குக் கேக்கணும்?"

"ஏற்கெனவே மூணு ஜேன் ஓ'சல்லிவன் இருக்காளுகளே. வளைவுகிட்ட இருக்கறவ மூக்கு ஜேன். மலைக்கு அந்தப் பக்கம் செம்பட்ட ஜேன். படகுத்துறைல இருக்கறவ..." வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு புருஷன் ஜேன்."

"எம் பொண்ணுக்கு அப்படியெல்லாம் ஒரு பட்டமும் வராது."

"எப்படி வரும்? பச்சப் புள்ள, அது என்ன தப்புப் பண்ணிச்சு? அப்பனோடதுதான் வரும்."

"அப்பனோடதுன்னா?"

டெஸ்ஸி தொட்டிலுக்குமேல் குனிந்து, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு, மிகுந்த பாசத்தோடு, "க்வாக்," என்றாள்.

புதன்கிழமை தபால்காரர் மோஸி வந்தார். கடிதங்களைக் கொடுத்த பிறகும் போகாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு விஷயம் டைக். தப்பா நெனச்சுக்காத. ஜேன் ஓ'சல்லிவன்னு ஏற்கெனவே நாலு பேருக்குத் தபால் குடுத்துட்டிருக்கேன்."

"டெஸ்ஸி மூணுன்னாளே?"

"ஒருத்தி போன மாசம் ஆஸ்திரேலியாலேருந்து திரும்பிட்டா. அதான், உம் பொண்ணுக்கு வர்ற காகிதத்துல முன்னாடியே அடையாளம் போடச் சொல்லிடேன். 'வாத்து'ன்னு முழுசாக்கூட வேண்டாம். 'வா'ன்னு ஒரு எழுத்து போதும், நான் புரிஞ்சுக்குவேன்."

டைக் கதவைச் சாத்தினான். சாத்திய வேகத்தில் உள்ளே பிள்ளை அழுதது.

வெள்ளிக்கிழமை இறைச்சிக் கடையில் கான், சாஸேஜைத் தாளில் சுற்றிக்கொண்டே, "வாத்து ஜேன் நல்லாத் தூங்கறாளா?" என்று விசாரித்தான்.

"அவளுக்கு இன்னும் பேரே வைக்கலய்யா!"

"ஊருக்குத்தான் அவசரம். நாங்க என்ன பண்றது?" என்றான் கான்.

அன்று மாலை ப்ரோனா ஞானஸ்நான அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். டைக் அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றினான். ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தான். பிறகு, ஏதோ வானிலையைப் பற்றிக் கேட்பவன் மாதிரி கேட்டான்.

"கீலின்னு இந்த ஊர்ல எத்தன பேரு இருக்காங்க?"

"அது எதுக்கு ஒனக்கு? ஜேன்தானே?"

"சும்மாதான் கேட்டேன்."

"ஒருத்தரும் இல்ல. கீலின்னா கீலின்தான். அதுக்குப் பட்டமே தேவையில்ல. ஆனா கஷ்டமான பேரு டைக். பாரிக்கு வாய்ல நுழையல பாரு."

"பாரிக்குத் தன் பேரையே ஒழுங்கா எழுத வராது."

"இருந்தாலும் ஜேனே இருக்கட்டும். வாத்துன்னு கூப்பிட்டா என்ன கொறஞ்சு போச்சு? வாத்து நல்ல ஜீவன். நீஞ்சும், பறக்கும்."

"நான் மாத்தறேன்னு சொன்னனா?"

"மாத்தாத. ஆம்பள ஒரு முடிவெடுத்தா அதுல நிக்கணும்." ப்ரோனா அங்கியின் லேஸை இழுத்துவிட்டாள்.

டைக் தொட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். பிள்ளை கையை முஷ்டியாக வைத்துக்கொண்டு தூங்கியது. வெளியூர்க்காரன் பெயரைக் கடித்துத் துப்புவான், உண்மைதான். ஆனால் வாழ்க்கையில் ஒரு தரம் பார்க்கிறவன். திருத்தினால் திருந்துவான், இல்லாவிட்டால் போகிறான். இந்த ஊர் அப்படியா? பள்ளிக்கூடம், மைதானம், கோயில், எங்கே போனாலும் வாத்து முன்னால் நடக்கும். அவள் கல்யாணத்தில் பாடுவார்கள். கல்லறைக் கல்லில் வெட்டினாலும் வெட்டுவார்கள். தான் செய்த அசட்டுத்தனத்தை இந்தப் பிஞ்சின் கழுத்தில் தானே கட்டிவிடப் பார்த்தோமே என்று நினைத்து, நழுவிய போர்வையை இழுத்து அவளுக்குப் போர்த்திவிட்டான். தன் பெயரால் பட்டதெல்லாம் போதாதா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஞானஸ்நானம். ஊரே போகாமல் உட்கார்ந்திருந்தது. டெஸ்ஸி முன்வரிசையில், மோஸி அவளுக்குப் பின்னால், கான் தூணோரமாக. ஃபாதர் கெல்லிஹர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் சூட்டுகிறீர்கள்?"

ப்ரோனா தலை குனிந்தபடியே ஓரக்கண்ணால் டைக்கைப் பார்த்தாள். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தது டைக்குக்கு வாத்துச் சத்தம் மாதிரியே கேட்டது.

"கீலின்!" என்று கத்தினான் டைக். கத்திய கத்தில் பிள்ளை விழித்துக்கொண்டு வீறிட்டது.

ப்ரோனாவின் கண் நிறைந்துவிட்டது. எந்த வேஷமும் இல்லாத கண்ணீர் அது. பன்னிரண்டு வயதில் நோட்டில் எழுதிய பெயர், இத்தனை வருஷம் கழித்து, ஊர் கேட்கச் சத்தமாக ஒலித்திருக்கிறது. டைக்கின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். டைக்குக்குத் தன்னைப் போல ஒரு தகப்பன் கெர்ரியில் கிடையாது என்று தோன்றியது. போன காரியத்துக்கு நேர் எதிராக முடிந்திருந்தாலும், முடிவெடுத்தவன் தான்தானே என்ற பெருமை முகத்தில் வழிந்தது.

சடங்கு முடிந்து, பக்கத்து அறையில் ஃபாதர் பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். வாழ்த்துச் சொல்ல டெஸ்ஸியும் மோஸியும் கானும் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"பதினோரு எழுத்து ஃபாதர். ஒண்ணு ஒண்ணாச் சொல்றேன், எழுதிக்குங்க," என்றான் டைக், பிறந்ததிலிருந்தே இந்தப் பெயருக்காகப் போராடியவன் போல.

"எனக்குத் தெரியும்ப்பா. நல்ல பேரு வச்சிருக்க."

"மொதல்ல ஜேன்னுதான் நெனச்சேன். ஆனா ஊர்ல இத்தன ஜேன் இருக்கறப்போ, நாமளும் ஒண்ணச் சேத்தா நல்லாவா இருக்கும்?"

ஃபாதரின் பேனா நின்றது.

"எத்தன ஜேன்?"

"நாலு பேரு ஃபாதர், எல்லாம் ஓ'சல்லிவன்தான். மூக்கு ஜேன், செம்பட்ட ஜேன், ஆஸ்திரேலியாலேருந்து வந்தவ ஒருத்தி. அப்புறம் அந்த ரெண்டு புருஷன் ஜேன்."

"ரெண்டு புருஷனா? என் பங்குலயா?" ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நான் இங்க வந்து இருபத்தாறு வருஷமாச்சு டைக். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் டீ குடிச்சவன். இந்தப் பங்குல ஜேன்னு ஒருத்திகூடக் கிடையாதே!"

டைக் வாசல் பக்கம் திரும்பினான். டெஸ்ஸி கண்ணை மூடி மும்முரமாக ஜெபம் செய்துகொண்டிருந்தாள். மோஸி தன் தொப்பிக்குள் எதையோ தேடினார். கானைக் காணவே காணோம்.

டைக் மெதுவாக, மிக மெதுவாக, மனைவி பக்கம் திரும்பினான்.

ப்ரோனா பிள்ளையின் தொப்பி நாடாவை முடிந்துகொண்டே சொன்னாள்: "நல்லதாப் போச்சு டைக், அடுத்த பொண்ணுக்கு அந்தப் பேரு அப்படியே காலியா இருக்கு."