கூடத்தில் இரண்டு நாடுகள்

இன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு நாடுகளைத் தன் வீட்டை விட்டு விரட்டிவிடுவது என்று அறிவிப்பாளர் முடிவு செய்தார். ஒன்று ஜப்பான். இன்னொன்று இத்தாலி.

பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று சொல்வது அவர் வேலை. அங்கே அவர் வாயைத் திறந்தால் ஊரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் ஒரு கரண்டிகூட நகராது. அந்த எரிச்சலை எல்லாம் இரண்டே வார்த்தைகளில் தீர்த்துக்கொள்வார். ஏதாவது பிடிக்கவில்லை என்றால், "சீ!" ஏதாவது வேலை சொன்னால், "நேரமில்லை!" இந்த இரண்டையும் வைத்தே இத்தனை காலம் குடும்பம் நடத்திவிட்டார் மனிதர்.

அவர் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. டாக்டர்கள் கிறுக்கித் தரும் சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். நூலகத்தில் சனிக்கிழமை தோறும் உலகப் பண்பாட்டு வகுப்பு என்று பலகை வைத்ததும் துணிந்து சேர்ந்துவிட்டாள். "டாக்டர் எழுத்தே புரியுது, ஜப்பான் எழுத்து புரியாதா?" என்று கேட்டாள். இந்தப் பருவத்துக்கு ஜப்பானும் இத்தாலியும் பாடம். பயணிகள் கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள் பாடம் நடத்தினார். எல்லோருக்கும் அவர் கப்பலம்மா.

வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து அறிவிப்பாளருக்குத் தலைவலி.

முதலில் வந்தது ஜப்பான். வாசலில் அவர் உதறிவிட்டு வரும் செருப்புகள், திரும்பிப் பார்ப்பதற்குள் தெருவைப் பார்த்து ஜோடியாக நின்றன.

"இது என்ன, என்னை வெளிய போன்னு சொல்றியா?"

"ஜப்பான்ல இப்படித்தாங்க திருப்பி வைப்பாங்க. கிளம்பும்போது சுலபமா இருக்கும்."

"நான் எங்கயும் கிளம்பலை!"

"ஹாய்," என்று இடுப்பை வளைத்துக் கும்பிடாத குறையாகக் குனிந்தாள்.

"இத்தனை வருஷம் கூட இருக்கேன், இப்பத்தான் ஹாயா?"

"அந்த ஹாய் இல்லீங்க. ஜப்பான் மொழியில இது ஆமாம் மாதிரி."

கோபத்திலும் அறிவிப்பாளருக்கு அந்த வார்த்தை இனித்தது. மனைவி வாயிலிருந்து ஆமாம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அடுத்து வந்தது இத்தாலி. அதுதான் வீட்டைக் கலக்கியது. ஒரு நாள் காலை மருந்துக் கடைக்குக் கிளம்பியவள் வாசலில் நின்று சிரித்த முகத்தோடு அவரைப் பார்த்துச் சொன்னாள்: "சாவ்!"

அறிவிப்பாளர் கையிலிருந்த தேநீர் பாதி சட்டையில்.

"என்னது? கட்டின புருஷனைப் பார்த்து விடிஞ்சதும் விடியாததுமா சாவுங்கிறியா?"

"சாவு இல்லீங்க, சாவ். போயிட்டு வரேன்னு அர்த்தம். வந்த உடனேயும் அதையே சொல்லலாம்."

"அப்ப போறப்பவும் சாவணும், வர்றப்பவும் சாவணுமா?"

அன்று மாலை அவர், "தேநீர் போடு," என்றார். அவளும் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "வா பேனே!"

அறிவிப்பாளர் தன் தலையைத் தடவிப் பார்த்தார். அது பளபளவென்று இருந்தது. அதில் ஈ உட்கார்ந்தாலே வழுக்கி விழும்.

"மயிரே இல்லாத மண்டைக்கு யாருடி பேனை வெத்திலை வெச்சுக் கூப்பிடறது?"

"ஐயோ, இத்தாலி மொழியில சரிங்கன்னு சொன்னேன்."

"சீ! நல்ல வார்த்தையே இல்லையா அந்த நாட்டுல?"

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ நினைத்துக்கொண்டாள். பேசாமல் அடுப்படிக்குத் திரும்பிவிட்டாள்.

இதை எல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் இந்த வாரம் நூலகத்துக் கூரை ஒழுகத் தொடங்கியது. பழுது பார்க்கும்வரை பூட்டு. சனிக்கிழமைக்குள் வேறு இடம் கிடைக்காவிட்டால் வகுப்பையே கலைத்துவிடுவார்களாம். கடைசிப் பாடம்தான் பாக்கி. அதில் ஒவ்வொருவரும் தான் கற்றதைப் பற்றி எழுதி எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். அவர் மனைவி தன் கட்டுரையை எழுதி, அடித்து, மறுபடி எழுதி முடித்திருந்தாள். அதனால்தான் இன்று காலை கேட்டாள்.

"நம்ம கூடத்துல வெச்சுக்கலாமாங்க?"

கூடத்தில் அவருடைய சாய்வு நாற்காலி இருக்கிறது. சனிக்கிழமை மதியம் அதில் அவர் விடும் குறட்டை அக்கம்பக்கத்துக்கே கடிகாரம். அவர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"பயணிகள் கவனத்துக்கு! இந்தக் கூடத்துல ஒரு ஈ காக்கா நுழையக் கூடாது."

"ஹாய்," என்று குனிந்தாள்.

"இன்னியோட ஜப்பானும் இத்தாலியும் ரத்து."

"ஹாய்."

"அந்தக் கப்பலம்மாகிட்ட நீயே சொல்லிடணும்."

"அவங்க சாயங்காலம் இங்கதான் வராங்க. நீங்களே சொல்லிடுங்களேன்."

"சொல்றேன்! பயமா எனக்கு? இந்த வயசுல படிச்சு நீ என்ன ஜப்பானுக்கு மருந்து கட்டப் போறியா?"

இந்த முறை ஹாய் வரவில்லை. அவள் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். மிகவும் மெதுவாக வைத்தாள். அறிவிப்பாளருக்குச் சத்தம் போடும் கோபம் மட்டும்தான் தெரியும். சத்தம் போடாத கோபம் தன் எதிரிலேயே நிற்பதை அவர் கவனிக்கவில்லை.

மாலையில் கப்பலம்மா வந்தார். நல்ல உயரம். கடல் காற்றில் பேசிப் பழகிய குரல். அறிவிப்பாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவி கதவோரம் நின்றாள்.

"உங்க வீட்டம்மா சொன்னாங்க," என்று ஆரம்பித்தார் கப்பலம்மா. "நீங்க வீட்டுல எப்பவும் இத்தாலி மொழிதான் பேசுவீங்களாமே?"

"நானா? சீ!"

"அடடா! என்ன ஒரு உச்சரிப்பு! எங்க வகுப்புல யாருக்கும் இந்த அழுத்தம் வரலை."

என்ன உளறுகிறாள் இந்த அம்மாள் என்று அவருக்கு எரிச்சல் ஏறியது.

"சரி, விஷயத்துக்கு வரேன். இந்தக் கூடத்துல நாங்க வகுப்பு நடத்திக்கலாமா?"

"சீ! சீ!" என்று இரண்டு கைகளையும் வீசினார்.

"கைகூட அப்படியே இத்தாலிக்காரர் மாதிரி! வர்ற சனிக்கிழமையேவா?"

"சீச்சீ!"

"உங்க நாற்காலியை ஓரமா நகர்த்திக்கலாமா?"

"சீ! சீ! சீ!" அவருக்கு மூச்சு வாங்கியது. வழுக்கை சிவந்துவிட்டது.

கப்பலம்மா கதவோரம் நின்றவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்தார். "வா பேனே! சாவ்!" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.

அறிவிப்பாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

"பார்த்தியா? ஒரே வார்த்தை. அதைத் தவிர வேற பேசலை நான். சரின்னுட்டா, போயிட்டு வரேன்னுட்டா, கிளம்பிட்டா!"

"ஹாய்," என்றாள் மனைவி. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குனிந்தாள். முகம் தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம் அறிவிப்பாளர் நல்ல குறட்டையில் இருந்தார். கனவில் வண்டிகள் எல்லாம் அவர் சொல்படி கிளம்பிக்கொண்டிருந்தன. அப்போது அவர் நாற்காலியே கிளம்பியது. கண்ணைத் திறந்தால் கண்ணாடி போட்ட தையல்காரர் ஒரு பக்கமும் பல் டாக்டர் ஒரு பக்கமும் பிடித்து, அவரோடு சேர்த்தே நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். கூடம் முழுக்க வகுப்பு ஆட்கள். எல்லோரும் அவரைப் பார்த்து, "சாவ்!" என்றார்கள்.

அவர் குதித்து இறங்கி மனைவியை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னடி இது? நான் முடியாதுன்னு சொன்னேனே!"

"எப்பங்க சொன்னீங்க? இத்தாலி மொழியில சீன்னா ஆமாம்."

அறிவிப்பாளருக்குக் கொஞ்ச நேரம் வாய் மட்டும் அசைந்தது. ஒலிபெருக்கியில் கம்பி கழன்றால் அப்படித்தான் இருக்கும்.

"எல்லா வார்த்தையும் சொன்னியே, இதை ஏன் சொல்லலை?"

"அந்த ஒண்ணை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டு வரலைங்க. இங்கதான் ஏற்கெனவே நிறைய இருந்துச்சே."

"அது போகட்டும். நான் ரத்துன்னு சொன்னப்ப நீ ஹாய்னியே! குனிஞ்சியே!"

"ஆமாம் மாதிரின்னுதானே சொன்னேன்? ஜப்பான்ல பல சமயம் ஹாய்னா, நீங்க சொல்றது காதுல விழுதுன்னு அர்த்தம். விழுந்துச்சுங்க. நல்லாவே விழுந்துச்சு. இந்த வயசுல எதுக்குன்னு கேட்டதும் விழுந்துச்சு."

சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள். அவர் கதவு இடுக்கில் காதை வைத்தார். கூடத்தில் அவள் தன் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இரண்டு நாடுகளையும் நேரில் பார்த்ததில்லை. கற்றதை மட்டும் எழுதுகிறேன். ஜப்பானியப் பாடத்தில், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது மரியாதை என்று படித்தேன். எனக்கு அது புதிதில்லை. நான் காத்திருந்து காத்திருந்து என் தேநீர் எல்லாம் ஆறிப்போயிருக்கிறது. இத்தாலியப் பாடத்தில், மனதில் உள்ளதைக் கையாலும் வாயாலும் கொட்டிவிடலாம் என்று படித்தேன். அதுவும் புதிதில்லை. எங்கள் வீட்டில் ஒருவர் தினமும் கொட்டுகிறார். எனக்குக் கோபம் வந்தது எதனால் என்றால், ஒரே வீட்டில் ஜப்பான் முழுவதும் என் பங்காகவும் இத்தாலி முழுவதும் அவர் பங்காகவும் ஆனது எப்படி என்று எந்தப் பாடத்திலும் இல்லை. இனி வாரத்தில் பாதி நாள் மாற்றிக்கொள்ளப் போகிறோம். அவர் குனிவார். நான் கையை வீசுவேன்."

கூடம் கைதட்டியது. தையல்காரர் விசில்கூட அடித்தார். அறிவிப்பாளருக்கு உள்ளே போய்க் கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்குக் கைவசம் இருந்த ஒரே வார்த்தைதான் இப்போது சம்மதமாகிவிட்டதே. பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே அத்தனை பேர் செருப்புகளும் தாறுமாறாகக் கிடந்தன. எல்லோரும் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று, ஒவ்வொரு ஜோடியாகத் தெருப் பக்கம் திருப்பி வைத்தார். அதற்காக அவர் குனிய வேண்டியிருந்தது.

வெளியே வந்த கப்பலம்மா அதைப் பார்த்து உருகிவிட்டார். "ஜப்பானும் தெரியுமா உங்களுக்கு! அடுத்த பருவமும் இங்கேயே நடத்திக்கலாமா?"

அறிவிப்பாளர் உஷாரானார். இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். 'ஆமாம்' இல்லை, 'இல்லை'யும் இல்லை, 'சீ' இல்லவே இல்லை. ஒரு எழுத்து வெளியே வராது.

பக்கத்தில் வந்து நின்ற மனைவி சாதாரணமாகக் கேட்டாள்: "அவங்க கேட்டதை விடுங்க. சனிக்கிழமை கதவைத் திறந்துவிட உங்களுக்கு நேரம் இருக்குமா?"

அப்பாடா என்று கையை எடுத்தார். இது சுத்தமான, பழகின, ஆபத்தில்லாத வார்த்தை. நெஞ்சை நிமிர்த்தி ஆரம்பித்தார்.

"நே..."

கப்பலம்மா பளிச்சென்று கைதட்டினார். "பாடம் தொடங்கறதுக்கு முன்னாலேயே வந்துடுச்சே!"

"அடுத்த பருவம் கிரேக்கம்ங்க," என்றாள் மனைவி. "அவங்க மொழியில 'நே'ன்னா ஆமாம்."

மீதியிருந்த 'ரமில்லை' அறிவிப்பாளரின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.