வெங்காய ஸ்டாண்டும் ஒரு வாரக் கருவாட்டு வாசனையும்

எனக்கு மூக்கு கிடையாது. முகத்தின் நடுவில் ஒன்று இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. மூக்குக் கண்ணாடி நிற்க உதவுகிறது, சளி பிடிக்க உதவுகிறது. ஆனால் வாசனை பார்க்கிற வேலையை அது விட்டுப் பல காலம் ஆகிறது. கும்மிடிப்பூண்டியில் இறால் தீவனம் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. தீவனத்துக்கு முக்கியமான சரக்கு மீன் தூள். சேர்ந்த புதிதில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே முடியாமல் குமட்டியது. கொஞ்ச நாளில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது என் மூக்குக்கு மல்லிகைப் பூவும் மீன் தூளும் ஒன்றுதான். (சமத்துவம் என்னிடம் வந்து கற்றுக்கொள்ள வேண்டும்.)

இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டால், நான் செய்த வேலையைக் கேட்டு என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள். சொன்ன பிறகும் நினைக்கலாம். என் மனைவி ஸ்டெல்லா நினைக்கிறாள்.

முன்பு நாங்கள் இருந்த வீடு ஓர் இரும்பு உருக்காலைக்குப் பின்புறம். கொடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாம்பல் சட்டையாகத் திரும்பி வரும். அது போகட்டும். எங்கள் மகள் ஜெனிக்கு அங்கே இழுப்பு வந்துவிட்டது. பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்பது பெரிய தண்டனை. டாக்டர், "மருந்து எழுதித் தரேன், ஆனா முதல்ல வீட்ட மாத்துங்க" என்றார். ஓய்வு நாளெல்லாம் வீடு தேடி அலைந்தோம். கடைசியில் கரி வராத பக்கத்தில் சரோஜா அம்மா வீட்டு மாடி கிடைத்தது.

சரோஜா அம்மா நிபந்தனைகளைப் படியில் நின்றே சொன்னார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மோட்டாரை அவர்தான் போடுவார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்து, "மீனு ஆக்கிக்கோ, கோழி ஆக்கிக்கோ, நான் இன்னான்னு கேக்க மாட்டேன். ஆனா கருவாடு மட்டும் கூடாது. அந்த வாசன கீழ வந்துச்சின்னா அந்த மாசமே நீ காலி பண்ணிக்கணும்" என்றார்.

ஸ்டெல்லா பழவேற்காட்டுப் பெண். கருவாடு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் ஒரு நிமிடம் ஜெனியைப் பார்த்தாள். "சரிம்மா" என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு கருவாட்டின் பெயரைக்கூட எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. என்னிடம் மட்டும், "கம்பெனி வேலன்னு சொல்லுங்க. இன்னா கம்பெனின்னு அவங்களா கேட்டா பாத்துக்கலாம்" என்று சொல்லி வைத்தாள். நானும் வேலை முடிந்ததும் கம்பெனியிலேயே குளித்து, யூனிஃபார்மை அங்கேயே விட்டுவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வருவேன். ஜெனிக்கு இழுப்பு நின்றது. எங்களுக்கும் மூச்சு வந்தது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில்தான் நான் கையை வைத்தேன்.

மழைக்காலம் தொடங்கும் சமயம். பிளாஸ்டிக் பையில் கிடந்த வெங்காயம் அழுகிவிட்டது. "காத்து போற மாதிரி ஒரு ஸ்டாண்டு வாங்கியாங்க" என்றாள் ஸ்டெல்லா. வாங்கி வந்திருக்கலாம். உலகத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நான் அன்று காலைதான் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு வீடியோ பார்த்திருந்தேன். தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் பழைய பலகையை வைத்து, வியர்வையே இல்லாமல், அழகான காய்கறி ஸ்டாண்டு ஒன்றைச் செய்து முடித்தார்.

"எதுக்கு வாங்கணும்? நானே செஞ்சி தரேன்" என்றேன்.

"நீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியிலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

எங்கள் கம்பெனி குடோனுக்குப் பின்னால் உடைந்த பேலட்டுகள் மலை மாதிரி கிடக்கும். மூட்டை அடுக்குகிற மரச்சட்டங்கள். விறகுக்கு யார் வேண்டுமானாலும் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பஸ்ஸை விட்டுப் பைக்கில் போய், அதில் நல்ல பலகைகளாகப் பொறுக்கி, பின்னால் கட்டி எடுத்து வந்தேன். காலம் காலமாகத் தீவன மூட்டை சுமந்து, மீன் தூள் சிந்திச் சிந்தி ஊறிப்போன பலகைகள். என் கண்ணுக்கு அவை நன்றாகப் பழுத்த தேக்கு போலத் தெரிந்தன. (அந்தப் பழுப்பு எப்படி வந்தது என்று யோசிக்க ஒரு மூளை வேண்டும். நான் காலை ஷிஃப்ட் முடித்து வந்திருந்தேன்.)

ஓய்வு நாளில் மொட்டை மாடியில் வேலையைத் தொடங்கினேன். பேலட்டில் அடித்த ஆணியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். முறுக்கு ஆணி. பாதி ஆணி வந்தது, பாதி பலகை வந்தது. பக்கத்து வீட்டில் வாங்கிய ரம்பம் நான் போட்ட கோட்டை மதிக்கவே இல்லை. இடுப்பு போனது, கட்டை விரல் நகம் போனது, பகல் பூராவும் போனது. சாயங்காலம் இரண்டு தட்டுள்ள ஒரு ஸ்டாண்டு நின்றது. கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. பலகைகளுக்கு நடுவே நான் விட்ட இடைவெளியில் உருளைக்கிழங்கு நின்றது, பெரிய வெங்காயம் யோசித்து நின்றது, சின்ன வெங்காயம் எல்லாம் கீழே கொட்டியது.

"அப்பா, இது ஸ்டாண்டா, சல்லடையா?" என்றாள் ஜெனி.

"வெங்காயத்துக்குக் காத்தோட்டம் வேணும்மா."

"ஒரு வார்னிஷாவது அடிங்க" என்றாள் ஸ்டெல்லா. மரத்தின் இயற்கை அழகு போய்விடும் என்று மறுத்துவிட்டேன்.

அதைச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். ஸ்டெல்லா தன் அக்காவுக்குப் போன் போட்டு, "அவரே செஞ்சாருக்கா" என்று சொன்னதை நான் பாத்ரூமிலிருந்து கேட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பற்றி அந்தக் குரலில் யாரிடமும் பேசியதில்லை. கொஞ்ச நேரம் கூடுதலாகவே உள்ளே இருந்தேன்.

பிறகு மழை வந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து ஸ்டாண்டு நன்றாக நனைந்தது. பலகைக்குள் காய்ந்து கிடந்ததெல்லாம் ஊறி உயிர் பெற்றது.

"இன்னாங்க, குளிச்சீங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

"கம்பெனிலயே குளிச்சிட்டேனே."

"இன்னொரு தடவ குளிங்க."

குளித்தேன். தலைக்கும் ஊற்றினேன். அந்த வாரம் நான் குளித்த குளியலுக்குத் தாமிரபரணியே தாங்காது. வாசனை போகவில்லை. செத்த எலி என்று பரணைக் கிளறினாள். சாக்கடை என்று பினாயில் ஊற்றினாள். ஸ்டாண்டைக்கூட முகர்ந்து பார்த்து, வெங்காயம் அழுகிவிட்டது என்று நல்ல வெங்காயத்தையெல்லாம் கொட்டினாள். பாவம், மரத்தின் மேல் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? பூனைகளுக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தது. முதலில் ஒன்று வந்து ஜன்னலில் உட்கார்ந்தது. பிறகு அது தன் சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்து வந்தது. பூனைக்கு என் கைவேலை பிடித்திருக்கிறது என்றுகூட நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை சரோஜா அம்மா முழங்கால் வலியோடு படியேறி வந்தார்.

"ஸ்டெல்லா, நானும் ஒரு வாரமா பாத்துகினு கீறேன். உன்கிட்ட இன்னா சொல்லி ஊடு குட்த்தேன்?"

"அம்மா, பைபிள் மேல சத்தியமா நான் கருவாடு ஆக்கல. இது கருவாட்டு வாசனையே இல்லம்மா. இன்னமோ வேற."

"அப்ப இத்தினி பூன இன்னாத்துக்கு வருது? ஜெபம் பண்ணவா? வேணாம்மா, எனக்குப் பேஜாரு வேணாம். இந்த மாசத்தோட காலி பண்ணிக்கோ."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் பாதிப் படி இறங்கிவிட்டிருந்தார். ஜெனி கதவோரம் நின்று, "திரும்பி அந்த ஊட்டுக்கே போறமாப்பா?" என்று கேட்டாள். மறுபடியும் அந்தக் கரி, அந்த இழுப்பு. ஸ்டெல்லா அழவில்லை. அன்று முழுவதும் கழுவிய பாத்திரங்களையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து மார்க்கெட் வழியாக வந்தாள். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். நெத்திலிக் கருவாடு.

"ஸ்டெல்லா, வேணாம்."

"செய்யாத தப்புக்கு இன்னாத்துக்குங்க காலி பண்ணணும்? செஞ்சிட்டே காலி பண்றேன்."

மாங்காய் போட்டாள், கத்திரிக்காய் போட்டாள், மண்சட்டியில் குழம்பைக் கொதிக்க விட்டாள். ஜன்னலை அகலமாகத் திறந்து வைத்தாள். ஒன்றும் தெரியாத என் மூக்குக்கே ஏதோ தெரிவது போல இருந்தது. (பயமாகவும் இருக்கலாம்.)

படியில் காலடிச் சத்தம் கேட்டது. சரோஜா அம்மா வாசலில் வந்து நின்றார். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். திட்டப் போகிறார் என்று நாங்கள் மூன்று பேரும் வரிசையாக நின்றோம்.

"நெத்திலி" என்றார். "மாங்கா போட்டுக்கீறே."

ஸ்டெல்லா தலையை ஆட்டினாள்.

"இதான் கருவாடு. ஒரு வாரமா வந்துச்சி பாரு, அது இது இல்ல. அது வேற இன்னாமோ." சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அடுப்பைத் தாண்டினார். ஜன்னலிடம் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் விரல் என் ஸ்டாண்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

"இத்த எங்க வாங்கினீங்க?"

"நான் செஞ்சதும்மா" என்றேன். அந்த நேரத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "அது மரம்."

"மரமா? எந்தக் கடல்லப்பா மொளைச்ச மரம்?"

பலகை எங்கிருந்து வந்தது என்பதை நான் சொல்லி முடித்தேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத விரும்பவில்லை, இன்னும் அதே வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

சரோஜா அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "தப்பா சொல்லிட்டேம்மா, மனசுல வெச்சிக்காதே. எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணப்போ, இனிமே கவுச்சிய தொட மாட்டேன்னு திருத்தணி முருகனுக்கு வேண்டிகினேன். அவரு நல்லாயிட்டாரு. கடைகடையா போயி பிரியாணி துன்னுகினு கீறாரு. நான் வார்த்தைய காப்பாத்திகினு வரேன். கோழி, மீனு எதுக்கும் மனசு அசையாது. இந்தக் கருவாடு வாசன ஒண்ணுதான்... நாக்கு என் பேச்ச கேக்காது. அதான் ஆக்காதேன்னேன். அருவருப்புன்னு நெனச்சியா?"

ஸ்டெல்லா ஓடிப் போய் அடுப்பை அணைத்தாள். "கொட்டிடறேம்மா" என்றாள்.

"சோத்த கொட்டுவாங்களா? புள்ளைக்குப் போடு. நான் போயி கதவ சாத்திக்கிறேன்." கைப்பிடியைப் பிடித்து எழுந்தவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஊட்ட நீங்க காலி பண்ண வேணாம். இந்தக் கட்டைய காலி பண்ணு, போதும்."

வீடு தப்பியது. என் மானம் தப்பவில்லை. இன்றும் மர ஸ்டாண்டு, நாற்காலி, ஊதுவத்திப் பெட்டி என்று எதை நான் இரண்டு விநாடி கூடுதலாகப் பார்த்தாலும் ஜெனி, "எந்தக் கடல்லப்பா மொளைச்ச மரம்?" என்கிறாள். என் மச்சினிச்சியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை அறிமுகம் செய்ததே அந்தக் கதையைச் சொல்லித்தான்.

ஆனால் வேறொன்றும் நடந்தது. சரோஜா அம்மா மாதாமாதம் கிருத்திகைக்குத் திருத்தணி போவார். அன்று காலை ஸ்டெல்லாவின் போன் அடிக்கும். "பஸ்ஸு பெரியபாளையம் தாண்டிடுச்சி. அடுப்ப பத்த வெய்." இவள் ஆக்கி, நாங்கள் சாப்பிட்டு, ஜன்னலெல்லாம் திறந்து, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, சாம்பிராணி போட்டு முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அவர் திரும்பி வந்து, விபூதிப் பொட்டலத்தை ஜெனி கையில் கொடுத்துவிட்டு, எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார்.

"சொல்லு" என்பார்.

ஸ்டெல்லா சொல்வாள். என்ன கருவாடு, எந்தக் காய், எப்போது புளி விட்டாள், எவ்வளவு நேரம் கொதித்தது. சரோஜா அம்மா கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்பார். பிறகு, "உப்பு ஒரு கை ஜாஸ்தி ஆயிருக்குமே" என்பார்.

ஆகித்தான் இருக்கும்.