ஒன்பதரை அங்குல ஆகாயம்

தையல்காரருக்கு ஊசி பயமில்லை, கத்திரி பயமில்லை. ஆகாய விமானம் என்று சொன்னால் மட்டும் பயந்துபோய்க் கையிலிருக்கிற கத்திரியைக் கீழே போட்டுவிடுவார். கடல் தாண்டிய ஊரில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். "அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வரணும்" என்று அவள் போனில் சொன்ன நாளிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. நூல் கோத்தால் ஊசிக் காதுக்குப் போகாமல் காற்றில் போனது.

பயமாயிருக்கு என்று பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா? மீசை இருக்கிறதே! பழியைத் தூரத்தின் மேல் போட்டுவிடத் தீர்மானித்தார். துணி வெட்டும் மேஜையில் உலகப் படத்தை விரித்தார். கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, இந்த ஊரில் ஒரு முனையும் அந்த ஊரில் ஒரு முனையும் வைத்து அழுத்தினார்.

"ஏய், இங்க வந்து பாரு. ஒன்பதரை அங்குலம்!"

"பிளேன் என்னைக்குங்க அங்குலக் கணக்குல பறந்துச்சு?"

"மணிக்கணக்கும் போட்டாச்சு. இருபத்திரண்டு மணி நேரம். கால் நீட்ட இடம் கிடையாது. உன் இடுப்பு தாங்குமா?"

"மக பதினொண்ணுன்னுதானே சொன்னா?"

"அவ சின்னப் பொண்ணு. டேப் பொய் சொல்லுமா? முப்பது வருஷத் தொழில்டி!"

அவள் உள்ளே போனாள். பரணில் கிடந்த ஒரு பழைய பந்தை எடுத்து வந்தாள். அவருடைய சாக்கட்டியாலேயே அதில் இரண்டு புள்ளி வைத்தாள். நூலைப் பந்தின் உச்சி வழியாக இழுத்துப் பிடித்தாள்.

"உலகம் உருண்டை. அதை உரிச்சுப் படமா விரிச்சா மேல்பக்கம் இழுபட்டுத்தானே கிடக்கும்? இழுத்துப் பிடிச்ச துணியை அளந்தா நீளம் கூடுதலா காட்டாதா? பிளேன் இப்படி உச்சந்தலை வழியா போயிடுதாம்."

தையல்காரர் டேப்பைச் சுருட்டினார். வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் முதல் நாள் அவர் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது.

"பதினொண்ணோ, பன்னெண்டோ... கடையை யார் பார்ப்பா? நீ மட்டும் போயிட்டு வா, தாயே."

"சரிங்க" என்றாள். சண்டையில்லை, கண்ணீரில்லை. அங்கேயே அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"தனியா கஷ்டப்படுவீங்களேன்னு உங்க அக்காவை வரச் சொல்லியிருக்கேன். மூணு மாசம் இங்கதான். அவங்க ஊர்லேர்ந்து இங்க ஒரு மணி நேரப் பிளேன்தானாம்."

அக்கா! ஐம்பத்தெட்டு வயசுத் தம்பியை வாடிக்கைக்காரர் முன்னாலேயே காதைத் திருகி, "இதுக்குப் பேரு காலராடா?" என்று கேட்கிற அக்கா. நாலு மணிக்கே எழுப்பித் தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றுகிற அக்கா.

"எப்போ வர்றா?" குரல் கீச்சென்று வந்தது.

"நான் கிளம்பற அன்னிக்கு."

"ஏம்மா... எனக்கும் ஒரு டிக்கெட் கிடைக்காதா?"

"இருபத்திரண்டு மணி நேரமாச்சே!"

"பதினொண்ணுதாண்டி! பந்துல நீதானே காட்டினே!"

"நடுவழியில இறக்கி விடச் சொல்லி மானத்தை வாங்க மாட்டீங்களே?"

"சத்தியமா மாட்டேன்."

அலமாரியில் சேலைக்கு அடியிலிருந்து இரண்டு டிக்கெட் வெளியே வந்தன. அவருக்கு ஜன்னல் சீட்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டார். "அக்கா, நீ சிரமப்பட்டு வர வேணாம். நானும் பிளேன்ல போறேன்."

"நான் எப்படா வர்றேன்னு சொன்னேன்? பிளேன்னாலே எனக்குப் பயம்டா!"