மாமாவின் பிக்அப்புக்கு நான் பூட்டிய மூக்கு

சத்தம் கூடினால் சக்தியும் கூடிவிட்டது என்று நம்புவது ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வயதில் வரும் காய்ச்சல். பலருக்குத் தானாக விட்டுவிடும். (சிலரை மேடையேறிப் பேச வைத்துவிடும், அது வேறு கதை.) எனக்கு அது என் அக்காவின் கலியாணத்தன்று காலையில், வாவித் தண்ணீருக்குள் வைத்து விட்டது.

அப்போது நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, முடிவு எப்போது வரும் என்று தெரியாமல், மட்டக்களப்பு வாவிக்கரையில் எங்கள் ஊரான குருக்கள்மடத்தில் சும்மா இருந்தேன். சண்டைக் காலத்தில் சும்மா இருக்கும் இளைஞனுக்கு வெளியே போக வழியில்லை. அம்மா விடமாட்டா. ஆகவே வீட்டுக்குள் இருந்தபடி எதையாவது கழற்றிக்கொண்டிருந்தேன். ரேடியோ, மணிக்கூடு, தையல் மெஷின் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி, அவற்றில் சிலவற்றைத் திரும்பப் பூட்டியும் இருக்கிறேன். ஊரில் என்னை ‘இஞ்சினியர்’ என்பார்கள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த நிலையில் சவூதியில் பிக்அப் ஓட்டிவிட்டுத் திரும்பிய காத்தான்குடி முஸ்லிம் நானா ஒருவர் எனக்கு ஓர் ஆங்கில வாகனச் சஞ்சிகையைத் தந்தார். அதில் ஒரு படம். பிக்அப்பின் பொனட்டுக்குள்ளிருந்து பளபளவென்று ஒரு குழாய் முன்பக்கமாக வளைந்து போகிறது. எஞ்சின் தன் சூட்டுக்குள்ளேயே மூச்சு விடுவதால் சோர்ந்து போகிறதாம். வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை எடுத்துக் கொடுத்தால் அது அடர்த்தியாக உள்ளே போய், எரிபொருளை நன்றாக எரித்து, வலு கூடுமாம். படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஏனென்றால் பூபாலு மாமாவின் பிக்அப்பைவிடச் சோர்ந்த எஞ்சின் மட்டக்களப்பு மாவட்டத்தில் கிடையாது.

மாமா அம்மாவின் தம்பி. அந்தப் பழைய டீசல் பிக்அப்பை வாடகைக்கு ஓட்டித்தான் அவர் குடும்பம் சாப்பிட்டது. நெல்மூட்டை, தயிர்ச்சட்டி, நோயாளி என்று எல்லாவற்றையும் ஏற்றுவார். வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்போம். வைகாசியில் கச்சான் என்கிற அனல் காற்று அடித்துத் தண்ணீர் வற்றிவிட்டால் பாதை கரைவரை வராது, கொஞ்சம் தள்ளியே தரைதட்டி நின்றுவிடும். வாகனம் அதிலிருந்து முழங்கால் தண்ணீரில் இறங்கி, சேற்றில் ஏறிக் கரை சேரவேண்டும். மாமாவின் பிக்அப் அந்த இடத்தில் எப்போதும் இருமிக்கொண்டு நின்றுவிடும். ஏறியவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள்.

அக்காவுக்கு வைகாசியில்தான் நாள் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வாவிக்கு அப்பால், படுவான்கரையில் ஓர் உபதபாலகத்தில் வேலை செய்தவர். பெயர் யோகராசா. அக்கா அவரைக் கோயிலில் தூரத்திலிருந்து ஒருதரம் பார்த்திருந்தா, அவ்வளவுதான். அதற்கு முதல் பேசிய இரண்டு சம்பந்தங்களில் ஒருவர் இரவோடு இரவாக வெளிநாடு போய்விட்டார். மற்றவரை யாரோ கூட்டிப் போனார்கள், அவர் திரும்பி வரவில்லை. அதன் பிறகு அக்கா கலியாணம் பற்றி வாய் திறப்பதில்லை. சட்டை தைத்துக்கொண்டே இருப்பா. இந்த மாப்பிள்ளையும் ஏதாவது காரணத்தால் வந்து சேராமல் போனால் என்ன செய்வது என்று அம்மா தூக்கத்திலும் பயந்தா. என்னைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை சேற்றில் கால் வைக்காமல் வந்து வாசலில் இறங்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினா. பிக்அப்பைத் தள்ளச் சொல்லி அவரைக் கேட்கும் நிலைமை வரக்கூடாது என்பதுதான் அதன் பொருள்.

பொழுதுபட்டால் பாதை ஓடாது என்பதால் நானும் மாமாவும் பிக்அப்போடு முதல்நாளே அக்கரைக்குப் போனோம். எங்கள் கக்கூசு கட்டியதில் மிஞ்சிய பிவிசி குழாய் ஒன்றும், பழைய சைக்கிள் டியூப்பும் பாய்க்குள் சுருட்டி என்னிடம் இருந்தன. சோதனைச் சாவடியில் கேட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கக்கூசுக்கு என்றேன். (அந்தக் குடும்பத்தின் மானத்தில் நான் வைத்த முதல் கை அதுதான்.)

மாமா சம்பந்தி வீட்டு உபசாரத்தில் களைத்து மத்தியானம் தூங்கிவிட்டார். நான் பொனட்டைத் திறந்தேன். எயார் பில்டர் இருந்த பெட்டியை இடைஞ்சல் என்று கழற்றி எறிந்தேன். குழாயை நெருப்பில் வாட்டி வளைத்து, எஞ்சினின் வாயில் டியூப்பால் இறுக்கிக் கட்டி, மற்ற முனையைக் கீழே பம்பருக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டேன். அங்கேதான் காற்று நேராக அடிக்கும் என்று சஞ்சிகையில் இருந்தது. தண்ணீரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. எழுதியவர் பாலைவனத்து ஆட்களை நினைத்து எழுதியிருப்பார்.

மாமா எழும்பி வந்து பார்த்தார். அதிகம் கோபப்படவில்லை. “குளிர் காத்து எங்க மனே இரிக்கி? கச்சான் அடிக்கிற அடியில தலமயிரும் கருகுது,” என்றார். நான் விஞ்ஞானம் விளக்கினேன். வயல் வட்டைக்கு நடுவே போகும் மண் றோட்டில் ஓடிப் பார்த்தோம். அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மிதிக்க மிதிக்க அடிவயிற்றிலிருந்து ஓர் ஊளை எழுந்து ஆகாயத்தை நிரப்பியது. வயலில் நின்ற மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. கொக்குகள் கிளம்பின. களத்தில் நெல் தூற்றிய பெண்கள் வைக்கோல் போருக்குப் பின்னால் மறைந்தார்கள். இதெல்லாம் என் எஞ்சினுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். மாமாவுக்கும், வலு கூடினது மாதிரித்தான் கிடக்கு என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் சனங்களுக்குக் காதுதான் உயிர். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் ஹெலிக்கும் பொம்மருக்கும் வித்தியாசம் தெரியும். ஆமி ட்ரக் எது, உழவு மெஷின் எது என்று படுத்தபடியே சொல்லுவார்கள். மாமாவின் பிக்அப்புக்கு ஓர் இருமல் உண்டு. அதைக் கேட்டால் அம்மா தேத்தண்ணிக்கு உலை வைப்பா. சாவடியில் நிற்கும் ஆமிக்காரன் நிமிர்ந்து பார்க்காமலே தடியைத் தூக்குவான். அடையாள அட்டையைவிட அந்த இருமலுக்குத்தான் மதிப்பு அதிகம். நான் அதைத்தான் கழற்றி எறிந்திருந்தேன்.

காலையில் மாப்பிள்ளை பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக முன்சீட்டில் மாமாவுக்கும் எனக்கும் நடுவில் இருந்தார். பின்னால் அவருடைய தாயாரும், கூறைச் சேலைத் தட்டத்தோடு பெண்களும். பாதையில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கம்பு ஊன்றித்தான் கடந்தோம். ஆகவே எங்கள் கரைக்கு ஒன்றும் தெரியாது. பாதை வழக்கம்போல் தள்ளி நின்றது. பலகை போட்டார்கள். நான் மாப்பிள்ளையைப் பார்த்து, நீங்கள் இறங்கத் தேவையில்லை, ஒரே மூச்சில் ஏறிவிடும் என்று பெருமையாகச் சொன்னேன். மாமாவிடம், காலை எடுக்காமல் மிதிக்கச் சொன்னேன். மாமா மிதித்தார்.

வெட்டவெளியில், தண்ணீர்ப் பரப்பின் மேல், அந்த ஊளை முதல்நாளைப்போலப் பல மடங்கு கேட்டது. சாவடியில் விசில் ஊதினார்கள். மண்மூட்டைகளுக்குப் பின்னால் தலைகள் மறைந்து துப்பாக்கிகள் தெரிந்தன. தோணியில் வலை வீசிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீருக்குள் குதித்தார்கள். கரையில் பாதைக்குக் காத்து நின்ற சனம் அப்படியே குப்புற விழுந்தது. துப்பாக்கிகளைக் கண்டதும் பின்னால் இருந்த பெண்கள் தட்டத்தின் மேல் கவிழ்ந்தார்கள். மாப்பிள்ளை என் மடியைத் தாண்டிக் கதவைத் திறந்து வெளியே பாய்ந்து, தலைப்பாகையோடு சேற்றுத் தண்ணீரில் நீளமாகப் படுத்தார். எல்லாரும் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது குழாயின் வாய் தண்ணீருக்குள் போனது. ஒரு பெரிய மிடறு. ‘கடக்’ என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

கையைத் தூக்கிக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். எல்லாரும் தூக்கினோம். மாப்பிள்ளையின் தாயாருக்கு மட்டும் தட்டத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தா. இப்போது சிரிக்கிறோம். அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இதைவிடச் சின்னக் காரணத்துக்காகக் கூட்டிப் போகப்பட்டவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். என் மடத்தனத்துக்கு மாப்பிள்ளையைக் கூட்டிப் போகப் போகிறார்கள், அக்கா மறுபடியும் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கப் போகிறா என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன்.

சாவடிக்குப் பொறுப்பாக இருந்தவன் பொனட்டைத் திறக்க வைத்தான். உள்ளே கறுப்பு டியூப் சுற்றிய ஒரு குழாய். அவன் இரண்டு அடி பின்வாங்கினான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ‘குளிர்’, ‘காற்று’ என்ற இரண்டு சொற்களையும் மாறி மாறிச் சொன்னேன். என்னையே கழற்றச் சொன்னான். கழற்றிச் சரித்தபோது குழாய்க்குள்ளிருந்து தண்ணீர் கொட்டியது, கூடவே ஓர் இறாலும் துள்ளி விழுந்தது. அவன் குழாயைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதற்குள்ளால் என்னைப் பார்த்தான். பிறகு இரும்புத் தொப்பியைக் கழற்றி முகத்து வேர்வையை வழித்தான். என்னைவிட அவனுக்கு வயது அதிகமிராது.

“குளிர் காத்து இங்க எங்க?” என்று கொச்சைத் தமிழில் கேட்டான். “இருந்தா எனக்கும் சொல்லு.”

குழாயை மட்டும் வைத்துக்கொண்டு எங்களைப் போகச் சொன்னான். பிக்அப் இனி அசையாது என்பது மாமாவின் முகத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் முதல் ஆளாகப் பின்னால் போய்த் தோள் கொடுத்தார். அவர் தள்ளி, நான் தள்ளி, கரையில் படுத்திருந்தவர்களும் எழும்பி வந்து தள்ளி, கரையேற்றினோம்.

அங்கிருந்து நடந்து வீட்டுக்குப் போனோம். பந்தலில் ஒரு குருவியும் இல்லை. அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருந்தது. மேளத்தை ஒரு கோழி கொத்திக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சுற்றிப் பார்த்துவிட்டு, “கலியாணம் இஞ்சதானே, தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார்.

வளவின் மூலையில், குண்டுக்குப் பதுங்க வெட்டியிருந்த பங்கரின் வாசலில் ஐயரின் தலை தெரிந்தது. அவருக்குப் பின்னால் மேளகாரர், அம்மா, சமையல்காரர், படம் எடுக்க வந்தவர் என்று கலியாண வீடு முழுவதும் மண்ணுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. வாவிப் பக்கம் கேட்ட சத்தத்துக்கு முழு வீடும் பங்கருக்குள் இறங்கியிருக்கிறது. நல்ல நேரத்தின் முக்கால்வாசி அங்கேயே கழிந்துபோயிற்று. கடைசியாக அக்கா ஏறி வந்தா. கொண்டை நிறைய மண், பூமாலை நசுங்கி, நெற்றிச்சுட்டி காதுப் பக்கம் தொங்கியது. எதிரே தலையிலிருந்து கால்வரை சேறாக ஒரு மனிதர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது அக்காதான். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்து வருசக்கணக்காகிவிட்டிருந்தது.

எங்கள் வழக்கத்தில் வாசலில் வைத்து மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைப்பது பெண்ணின் தம்பி. வெறும் சடங்குக்கு ஒரு செம்புத் தண்ணீர் போதும். நான் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளி வந்து, முழங்கால்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். சனம் சுற்றி நின்று பார்த்தது. அவர் வழக்கப்படி ஒரு மோதிரத்தை என் விரலில் போட்டுவிட்டுக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், “தலையையும் கழுவி விடுறியா?” என்றார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, நேரம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று எப்படியோ கண்டுபிடித்தார். தீய்ந்த சோற்றை எல்லாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

மாமாவின் எஞ்சினைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு கம்பி வளைந்திருந்தது. அது சரிவரும்வரை மாமா சைக்கிளில் தயிர்ச்சட்டி கட்டினார். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

போன வருசம் அக்காவின் மகன் ஒரு பிக்அப் வாங்கினான். போனில் ஒரு படத்தைக் காட்டி, இதைப் பூட்டினால் வலு கூடுமா என்று என்னிடம் கேட்டான். அதே குழாய், இப்போது சிவப்பு நிறத்தில் வருகிறது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கத் தொடங்கினேன். கம்பனிக்காரன் வைத்த காற்றுப் பெட்டியே பெரும்பாலும் போதும், கூடுவது கொஞ்சம், அதுவும் சத்தமாகத்தான் கூடும், வாயைத் தாழ்த்தி வைத்தால் தண்ணீரையும் குடிக்கும் என்றேன். கதிரையில் சாய்ந்திருந்த அத்தான், அதையெல்லாம் கொம்மாவிடம் கேள் என்றார்.

அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை நிறுத்தவில்லை.

“எஞ்சினுக்குக் கூடினது எனக்குத் தெரியா மனே. அண்டைக்கு அந்தச் சத்தத்தோட பங்கருக்குள்ள இரிக்கக்குள்ள, இந்த மனுசன்ட முகம்கூட எனக்குச் சரியா ஞாபகம் வரல்ல. ஆனா இவர் உசிரோட வந்து சேரணும் எண்டு ஒரே கும்பிடு. அதுக்கு முதல் நான் ஒருத்தருக்காகவும் அப்பிடிக் கும்பிடல்ல.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“அதுக்குப் பொறகும் கும்பிடல்ல,” என்றார் அத்தான்.