பாராசூட் அக்கா போட்ட மூன்றாவது பொட்டலம்

ராயபுரத்தில் புவியீர்ப்பு விசையைச் சம்பளமில்லாமல் வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே ஆள் எங்கள் பாராசூட் அக்காதான். மூன்றாம் மாடியில் குடியிருந்த அவர் கீழே இறங்கி வந்து பார்த்தவர்கள் குறைவு. அவரிடமிருந்து பொருள்கள்தான் இறங்கி வரும்.

அக்கா தையல்காரர். முட்டி இரண்டும் மக்கர். தைத்த ரவிக்கையைக் கொடுக்க அறுபது படி இறங்கி ஏறினால், கூலியைவிடத் தைலச் செலவு அதிகம். கயிறு கட்டிக் கூடையில் இறக்கினால், இரண்டாம் மாடி ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு அந்த வீட்டு அம்மாவோடு ஒரு மணி நேரச் சண்டை. ஆகவே, "ரவிக்க வருது, புடிச்சிக்கோ!" என்று குரல் கொடுத்துவிட்டு மேலிருந்தே போட்டுவிடுவார்.

ஆனால் ரவிக்கை லேசில் விழாது. கடல் காற்று அதை வாங்கிக்கொண்டு ஊர்வலம் போகும். ஒருமுறை மஞ்சள் ரவிக்கை ஒன்று பறந்துபோய், ஓட்டுக் கேட்டு வந்த பிரமுகரின் தோளில் பொன்னாடைபோல விழுந்தது. அவர் மேலே பார்த்துக் கும்பிட்டு ஏற்றுக்கொண்டு, அதோடேயே அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

அன்றிலிருந்து எடைக்காக உள்ளே ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக் கட்டினார். புதிதாகக் குடிவந்த பெண், வாசலில் துணியும் எலுமிச்சம்பழமும் கிடப்பதைப் பார்த்து, செய்வினை என்று அலறி வேப்பிலையோடு ஆள் கூட்டி வந்துவிட்டாள். சரியென்று அக்கா உருளைக்கிழங்குக்கு மாறினார். அது நேராக வந்தது. தரைத்தளத்தில் குடியிருந்த என் தலைக்கு நேராக வந்தது.

"இன்னா சார், வலிக்குதா?"

"உயிர் போகுதுக்கா!"

"அப்ப வெயிட்டு ஜாஸ்தி. கொறச்சிக்கலாம்."

அதற்குப் பிறகுதான் பாராசூட் வந்தது. லைனிங் துணியைச் சதுரமாக வெட்டி, நான்கு மூலையிலும் நூல் கட்டி, அடியில் பொட்டலத்தைத் தொங்கவிட்டுப் போடுவார். அது மாப்பிள்ளை மாதிரி நிதானமாக இறங்கும்.

அதே மூன்றாம் மாடியில், அக்காவுக்கு எதிர்வீட்டில் சயின்ஸ் சார் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தனியாக இருந்தார். ஆஸ்துமாக்காரர். சாவியைத் தொலைப்பதில் மன்னர் என்பதால் இன்னொரு சாவியை அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தார். பாராசூட்டைப் பார்த்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மா, காத்து மட்டும் இல்லேன்னா, கல்லும் காகிதமும் ஒண்ணாத்தான் விழும். எடைக்கு அதுல வேலையே இல்ல."

"காத்து இல்லேன்னா நாம எங்க சார் கீறோம்? காத்து அடிக்கிற ராயபுரத்துக்குச் சொல்லு."

சார் இரண்டு பரீட்சைத் தாள்களை எடுத்து, ஒன்றைக் கசக்கி உருண்டையாக்கி, இரண்டையும் சேர்த்துப் போட்டார். உருண்டை முதலில் விழுந்தது. "ரெண்டும் ஒரே எடைதானே? விரிஞ்ச தாளைத்தான் காத்து அதிகமாத் தடுக்குது."

அக்கா விடவில்லை. ஒரே அளவில் இரண்டு பாராசூட் எடுத்து, ஒன்றில் ஒரு உருளைக்கிழங்கும் மற்றதில் மூன்றும் கட்டிப் போட்டார். மூன்று கட்டியது முந்தியது. "பாத்தியா சார்? துணி ஒண்ணுதான். வெயிட்டு ஏறுச்சி, வேகமும் ஏறுச்சி."

"இதுவும் சரிதாம்மா" என்று சார் தலையைச் சொறிந்தார். அதன்பிறகு ஞாயிறுதோறும் இந்தச் சண்டைதான். கீழ்வீடுகளில் ஞாயிறுதோறும் உருளைக்கிழங்குப் பொரியல்தான்.

பிறகு ஒரு மழைக்காலம். இரண்டு நாளாக விடாத மழை. தெருவில் முழங்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். மத்தியானம் மழை சற்று விட்ட நேரத்தில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். மூன்றாம் மாடிக்குப் போகும் மாடிப்படி இடிந்து விழுந்துவிட்டது. நல்லவேளையாகப் படியில் யாரும் இல்லை. அக்கா மட்டும் மேலே மாட்டிக்கொண்டார். அப்போதுதான் பால் பாக்கெட்டோடு கேட்டுக்குள் நுழைந்த சாருக்கு, கிளம்பிய புழுதியில் மூச்சு பிடித்துக்கொண்டது.

பையில் இருந்த இன்ஹேலர் காலி. புதிது வீட்டு அலமாரியில். மருந்துக்கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன. ஆம்புலன்ஸ் சுரங்கப்பாதைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றது. கயிறு கட்டி இறக்கலாமென்றால், சுவரோரம் காரை பெயர்ந்து விழுந்துகொண்டே இருந்தது. யாரும் கிட்டே போக முடியாது. இருபதடி தள்ளி, எதிர் காம்பவுண்டு ஓரம், நான், என் மனைவி, ஆட்டோ பாபு, இரண்டாம் மாடி அம்மா ஆகிய நால்வரும் ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீரில் விழுந்தால் போச்சு. இருப்பது ஒன்றே ஒன்று.

அக்கா சாரின் வீட்டைத் திறந்து இன்ஹேலரை எடுத்துவிட்டார். ஆனால் போடவில்லை. அதே எடையில் ஒரு துண்டு சோப்பைப் பாராசூட்டில் கட்டிப் போட்டார்.

"யக்கோவ்! மருந்தப் போடு, சோப்ப போடுறியே!" என்று பாபு கத்தினான்.

சோப்பு காற்றில் மிதந்து, காம்பவுண்டைத் தாண்டிப் போயே போய்விட்டது. இரண்டாவது பொட்டலத்தில் சோப்போடு ஓர் உருளைக்கிழங்கு. அதுவும் எங்கள் தலைக்கு மேலே கடந்து சுவரில் மோதியது.

எங்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற சாருக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. மூச்சு விசில் மாதிரி வந்தது. அண்ணாந்து பார்த்து, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஒரே வார்த்தை சொன்னார்.

"ஏரியா..."

பாபு அழுதேவிட்டான். "ராயபுரம் சார்! நம்ம ஏரியா சார்! அய்யோ, நெனப்பு தப்பிப் பூடுச்சே!"

சார் தலையை ஆட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்து, மெல்ல நெருக்கிக் காட்டினார். மேலே இருந்தவருக்குப் புரிந்துவிட்டது.

"துணிய சின்னதாக்கணுமா சார்? இரு, இதோ வெட்டுறேன். மூச்ச மட்டும் வுட்றாத, சார்!"

கத்தரிக்கோல் சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. கேட்ட மாதிரி இருந்தது. இன்ஹேலரைப் பஞ்சில் சுற்றி, உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கட்டி, பாதியாகிவிட்ட பாராசூட்டில் மூன்றாவது பொட்டலம் கிளம்பியது. காற்று அதைத் தள்ளியது. ஆனால் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. சாய்வாக இறங்கி, போர்வையின் நடுவில் தொப்பென்று விழுந்தது.

சார் இரண்டு முறை உறிஞ்சினார். கொஞ்ச நேரத்தில் விசில் அடங்கியது. மேலே அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அவரோடு வருஷக்கணக்கில் சண்டை போட்ட இரண்டாம் மாடி அம்மா, "அழுவாத புள்ள, ஆளு நல்லா கீறாரு" என்று கத்திச் சமாதானம் சொன்னார். சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்தபோது, "மொதல்ல தையல் மிஷின எறக்கு நைனா, அத்த மட்டும் நான் போட மாட்டேன்" என்றார் அக்கா.

பிறகு அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள்; நான் ஊரின் மறுகோடிக்குக் குடிபோனேன், மற்றவர்களுக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் வாரியக் குலுக்கலில் வீடு கிடைத்தது. அக்காவுக்குத் தரைத்தளம், சாருக்கு நான்காம் மாடி. ஒரே வாரத்தில் அக்காவின் முகம் வாடிவிட்டது. சார் அலைந்து திரிந்து, மனு எழுதி, அக்காவோடு வீட்டை மாற்றிக்கொண்டார். "எனக்குப் படி ஏறினா மூச்சு வாங்குதும்மா" என்று காரணம் சொன்னார்.

"எனக்கும் நல்லதுதான். ஒரு தபா ஏறிட்டா, எதுக்கு எறங்கணும்?" என்றார் அக்கா.

போன மாதம் போயிருந்தேன். சார் கீழே நாற்காலி போட்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "காத்து எந்தப் பக்கம்னு பாக்குறேன்" என்றார். அன்று இலைகூட அசையவில்லை.

எங்கள் தெருவிலேயே இப்போது ஐந்து தையல்கடை இருக்கிறது. ஆனாலும் மனைவியின் ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு, நான் இரண்டு பஸ் மாறித்தான் போகிறேன்.