ஒரு சாண் தள்ளி வரைந்த பிளாட்டர்

"ஸ்கிரீன்ல ஜம்முனுதானேமா கீது? பேப்பர்ல மட்டும் ஏன் ஓடிப் போவுது?" என்று கேட்டார் முதலாளி ஜெயராமன்.

வசந்தகுமாரி கையிலிருந்த காகிதத்தையே வெறித்துப் பார்த்தாள். எவ்வளவு பாரத்துக்கு ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் வரைபடம் அது. கறுப்புக் கோடுகளும் சிவப்பு வளைவும் அச்சுப் போல விழுந்திருந்தன. ஆனால் படம் மொத்தமும் வலப்பக்கம் ஒரு சாண் நகர்ந்து, வளைவில் பாதி காகிதத்துக்கு வெளியே போய்விட்டது. போதாக்குறைக்குக் காகிதத்தின் ஓரத்தில் லேசாக ஒரு மஞ்சள் கறை. முதலாளி மட்டமான காகிதம் வாங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்கிற அந்தக் கம்பெனிக்கு, பேனா பிடித்துப் படம் வரையும் பிளாட்டர் மெஷின் வந்தது தொண்ணூறாம் வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். பெட்டியைப் பிரித்து, மாலை போட்டுக் கும்பிட்டு, லீவு முடிந்து இன்றைக்குத்தான் முதன்முதலாக ஓட்டுகிறார்கள். மத்தியானம், ஸ்பிரிங் வாங்குகிற ஆவடி ராணுவத் தொழிற்சாலையிலிருந்து அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் கண் முன்னாலேயே படத்தை வரைந்து காட்ட வேண்டும்.

"ஒழுங்கா வர்லேன்னா மெஷினைத் திருப்பி அனுப்பிடுவேன். நீ பழையபடி டைப் அடிக்கப் போயிடணும், தெரிதா?" என்றார் ஜெயராமன்.

தெரியாமல் என்ன? இரண்டு வருஷம் டைப் அடித்து, சாயங்காலம் சாயங்காலமாக ஆவடியில் கம்ப்யூட்டர் படித்து, கெஞ்சிக் கூத்தாடி அவள் வாங்கிய நாற்காலி இது. திரும்பவும் அந்த டைப்ரைட்டர் முன்னால் உட்காருவதை நினைத்தாலே அவளுக்கு விரல் வலித்தது.

அவள் எழுதிய புரோகிராமில் இரண்டு பாதி. மேல்பாதி, புது மாப்பிள்ளை மாதிரி. "இங்கிருந்து அங்கே ஒரு கோடு, அதோ அங்கே ஓர் எழுத்து" என்று சொல்லிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடும். எதில் வரைகிறார்கள், எப்படி வரைகிறார்கள் என்ற கவலை அதற்குக் கிடையாது. கை அழுக்காக உழைப்பதெல்லாம் கீழ்ப்பாதி. ஸ்கிரீனுக்கு ஒரு கீழ்ப்பாதி. அது கோட்டைப் புள்ளி புள்ளியாக ஒளி ஏற்றிக் காட்டும். பிரின்டருக்கு இன்னொன்று, அது படத்தை வரி வரியாக நறுக்கி ஊசியால் குத்தும். பிளாட்டருக்கான கீழ்ப்பாதியோ "பேனாவை எடு, அங்கே போ, இறக்கு, இழு" என்று ஆணை கொடுக்கும்.

அந்தப் பிளாட்டரும் லேசுப்பட்டதில்லை. உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கண்ணாடி வழியாகக் காகிதத்தின் ஓரம் எங்கே என்று தானே பார்த்துக்கொள்ளும். அப்புறம்தான் பேனாவைத் தொடும். காலையில் அது கறுப்புப் பேனாவைப் பூப்போல வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்துக்கொண்டதைப் பார்த்து வசந்தகுமாரிக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. படம் காகிதத்தை விட்டு இறங்கிப் போனதையே அவள் அப்புறம்தான் கவனித்தாள்.

ஸ்கிரீனில் சரி, பிரின்டரில் சரி. அப்படியானால் மேல்பாதி மேல் குற்றமில்லை. பிளாட்டரின் கீழ்ப்பாதியில்தான் ஏதோ கோளாறு. எல்லாவற்றையும் இடப்பக்கம் ஒரு சாண் தள்ளு என்று அதில் ஒரு வரி சேர்த்தாள். மறுபடி ஓட்டினாள்.

படம் இடப்பக்கம் ஒரு சாண் வெளியே போயிற்று.

"இப்ப இந்தாண்ட பூட்ச்சே," என்றார் ஜெயராமன்.

"ஒரு நிமிஷம் சார். அந்த வரியை எடுத்துடறேன்."

அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்தாள் கன்னியம்மாள். ஆபீசைப் பெருக்குவதிலிருந்து சாமி படத்துக்குப் பூ வைப்பதுவரை எல்லாம் அவள் பொறுப்பு. வசந்தகுமாரியின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னா கண்ணு, மூஞ்சி வாடிப் போயி கீது?"

"படம் சரியா வரமாட்டேங்குதுக்கா."

"வரும், வரும். அல்லாம் சாமி பாத்துக்கும்," என்று சொல்லி, பிளாட்டர் பக்கம் போய்த் தன் முந்தானையால் நாலு தட்டுத் தட்டித் தூசியைத் துடைத்துவிட்டுப் போனாள் கன்னியம்மாள்.

வசந்தகுமாரி ஓட்டினாள். படம் வலப்பக்கம் ஒரு சாண் போயிற்று. மறுபடியும் மஞ்சள் கறை.

அவளுக்குத் தலை சுற்றியது. தள்ளினால் அந்தப் பக்கம், தள்ளாவிட்டால் இந்தப் பக்கம் என்றால் எப்படி? சரி, இரண்டுக்கும் நடுவே போவோம் என்று அரைச் சாண் மட்டும் தள்ளிப் பார்த்தாள். இடப்பக்கத்து எண்கள் எல்லாம் காணாமல் போயின. எங்கே போனாலும் காகிதத்துக்குள்ளேயே கிட என்று கடைசியில் படத்தையே சுருக்கினாள்.

இந்தத் தடவை ஒரு கோடுகூட வெளியே போகவில்லை. ஜெயராமன் காகிதத்தை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இன்னாமா இது, ரேஷன் கார்டுல ஒட்ற போட்டோ கணக்கா? வர்றவங்க பூதக்கண்ணாடியா எட்த்துகினு வருவாங்க?"

வசந்தகுமாரிக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு அழகாக வரையத் தெரிந்த மெஷின், தன்னிடம் வந்து மட்டும் இப்படித் தடுமாறுகிறதே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தப்பு தன் மேல்தான் இருக்கும் என்று தோன்றியது. டைப்ரைட்டர் அவளைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது.

வாசலில் ஜீப் வந்து நின்றது. ஜெயராமன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வரவேற்க ஓடினார். கன்னியம்மாள் அவசர அவசரமாக மேசையையும் மெஷினையும் துடைத்தாள். வசந்தகுமாரிக்கு இனி யோசிக்க நேரமில்லை. சுருக்கியதை எடுத்துவிட்டு, முதலில் சேர்த்தாளே அந்த ஒரு சாண் வரி, அதையே திரும்பப் போட்டாள். வருவது வரட்டும்.

அதிகாரி குணசேகரன் மெஷின் முன்னால் வந்து நின்றார். "ஆரம்பிங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தட்டினாள்.

பேனா எழும்பியது, ஓடியது, இறங்கியது. கட்டம் கட்டியது. எண்களை எழுதியது. கறுப்பை வைத்துவிட்டுச் சிவப்பை எடுத்து, ஒரே இழுப்பில் வளைவைப் போட்டு நிறுத்தியது. வசந்தகுமாரி கண்ணைத் திறந்தபோது, படம் காகிதத்தின் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தது.

குணசேகரன் மெஷினை நோக்கிக் குனிந்தார். "மனுஷன் கை தோத்துடும் போங்க," என்றார் பிறகு. காகிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரத்துல என்ன இது, மஞ்சளா?"

"மங்களகரமா இருக்கட்டும்னுதான் சார்," என்றார் ஜெயராமன், கூசாமல்.

"எங்ககிட்டயும் இதே பிளாட்டர் சும்மா தூங்குது. இந்தப் புரோகிராமை எங்களுக்கும் குடுங்க. திங்கக்கிழமை இந்தப் பொண்ணையே அனுப்பி வைங்க. எங்க மேலதிகாரிங்க எல்லாரும் பார்க்கணும்."

ஜெயராமனின் முகத்தில் வெளிச்சம் தாங்கவில்லை. "தாராளமா சார். டைப் அடிக்க நான் வேற ஆள் பாத்துக்கறேன்," என்றார் வசந்தகுமாரியைப் பார்த்து. அவள் முதல் வேலையாகப் புரோகிராமை ஃபிளாப்பியில் பதிந்துவைத்தாள். முதலில் எழுதிய வரியேதான் சரி. நடுவில் தான்தான் பயந்து குழப்பிக்கொண்டோம் என்று தன்னையே செல்லமாகக் கடிந்துகொண்டாள்.

ஜீப் கிளம்பிப் போனதும் கன்னியம்மாள் மெதுவாக அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"திங்கக்கெயம ஆவடிக்கு நானும் கூட வர்றேன் கண்ணு. அந்தக் குட்டிக் கண்ணாடில நான் பொட்டு வெக்கிற சந்தனத்த, ஒரு படம் போட்டாலே பேப்பரு தொடச்சிகினு பூடுது. நானும் காலைலேந்து பாத்து பாத்து வெச்சிகினே கீறேன், அங்க யாரு வெப்பாங்க?"